நாளை இரவு கண் விழிக்க இரண்டு காரணங்கள்

நாளை சனிக்கிழமை, அக்டோபர் 11. இரவு பதினொரு மணி வாக்கில் இத்தாலியின் பெர்காமோ நகரில் ஒரு சைக்கிள் பந்தயம் முடியும். அதன் பிறகு நீங்கள் எழுந்து முகம் கழுவி, ஒரு மைலோ கலக்கிக் கொண்டு வந்து உட்காருவதற்குள், பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாயில் பொழுது விடியும். அங்கே கைலுவா விரிகுடாவில் உலகின் மிகச் சிறந்த டிரையத்லான் வீராங்கனைகள் தண்ணீரில் இறங்குவார்கள். நம் கடிகாரத்தில் அப்போது ஞாயிறு பிறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

முதலாவது 'இல் லோம்பார்டியா'. ஆண்டின் கடைசிப் பெரிய ஒருநாள் சைக்கிள் பந்தயம். இரண்டாவது 'ஐயன்மேன்' உலக வெற்றியாளர் போட்டி. ஊர்ப் பெயரைச் சொல்லி 'கோனா' என்றே பலரும் அழைப்பார்கள். இரண்டிலும் சைக்கிள் உண்டு. இரண்டிலும் வெற்றி பெறுபவரின் பெயர் ஏட்டில் நிலைக்கும். ஆனால் லோம்பார்டியாவில் ஓடப்போவது ஆண்கள் மட்டும். கோனாவில் ஓடப்போவது பெண்கள் மட்டும். இந்த ஏற்பாடு கோனாவில் இந்த ஆண்டோடு முடிகிறது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, முறுக்கு சுடவே நேரமில்லை, இதில் எங்கே பந்தயம் பார்ப்பது என்று கேட்பீர்கள். அடுப்பங்கரையில் பலகாரம் செய்து கொண்டே பார்ப்பதற்கு ஆறு மணி நேரப் பந்தயத்தை விட வசதியான விளையாட்டு வேறு கிடையாது. காற்பந்து மாதிரி கண்ணிமைத்தால் கோல் போய்விடும் என்ற பயம் இல்லை. எப்போது திரையருகே வர வேண்டும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். அதைச் சொல்கிறேன்.

பெர்காமோவை நோக்கி 241 கிலோமீட்டர்

லோம்பார்டியா பந்தயம் 1905-இல் தொடங்கியது. இலை உதிரும் காலத்தில் நடப்பதால் 'உதிரும் இலைகளின் பந்தயம்' என்ற செல்லப் பெயர் அதற்கு உண்டு. சைக்கிள் உலகில் 'மானுமெண்ட்' என்று சொல்லப்படும் ஐந்து மாபெரும் ஒருநாள் பந்தயங்களில் இதுதான் கடைசி. மார்ச்சில் மிலான் – சான்ரெமோ, ஏப்ரலில் ஃபிளாண்டர்ஸ், பாரிஸ் – ரூபே, லியேஜ் – பாஸ்டோன் – லியேஜ். அவற்றுக்குப் பிறகு அக்டோபர் வரை காத்திருந்தால் லோம்பார்டியா.

இந்த ஆண்டு கோமோ ஏரிக்கரையில் தொடங்கி பெர்காமோவில் முடிகிறது. 241 கிலோமீட்டர், மொத்தமாக ஏற வேண்டிய உயரம் சுமார் 4,400 மீட்டர். நம் கினபாலு மலை 4,095 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அதன் உச்சி வரை ஏறி, இன்னும் கொஞ்சமும் ஏறுவது போல. அதையும் ஏறிவிட்டு நிற்பதில்லை. ஒவ்வொரு மலைக்கும் ஏறிய வேகத்தை விடப் பல மடங்கு வேகத்தில் இறங்க வேண்டும்.

வழியில் மடோன்னா டெல் கிசாலோ என்ற மலை வரும். உச்சியில் ஒரு சிறிய தேவாலயம். அங்குள்ள மாதாவை சைக்கிளோட்டிகளின் காவல் தெய்வமாகப் போப்பாண்டவர் 1949-இல் அறிவித்தார். உள்ளே சுவர் முழுக்கப் பழைய வெற்றியாளர்களின் சைக்கிள்களும் சட்டைகளும் காணிக்கையாகத் தொங்குகின்றன. புது வண்டி வாங்கியதும் கோயிலுக்கு ஓட்டிப்போய், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் நெடுஞ்சாலைக்கு எடுப்பவர்கள் நாம். கிசாலோவை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பந்தயம் தீர்மானமாகும் இடம் பாஸோ டி காண்டா. 9 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றம். சராசரிச் சரிவு 7 விழுக்காட்டைத் தாண்டும். மேலே போகப் போக இன்னும் செங்குத்தாகும். உச்சியிலிருந்து பெர்காமோவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி இறக்கமும் சமதளமும். கடைசியில் பெர்காமோவின் பழைய மேல் நகரத்துக்குள் கோலே அப்பெர்டோ என்ற குட்டை ஏற்றம், கல் பாவிய தெரு. அதைத் தாண்டினால் முடிவுக்கோடு. நம் நேரப்படி பத்து மணிக்கு மேல் திரையருகே வந்துவிடுங்கள். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் இதற்கான தயாரிப்பு.

பொகாச்சாரும் ஒரு பழைய கணக்கும்

ஸ்லொவீனியாவின் ததேய் பொகாச்சாருக்கு வயது 27. இந்தப் பந்தயத்தை 2021, 2022, 2023, 2024 என்று நான்கு முறை அடுத்தடுத்து வென்றிருக்கிறார். நாளையும் வென்றால் மொத்தம் ஐந்து. இத்தாலியர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஃபவுஸ்டோ கொப்பிக்கும் ஐந்துதான். கொப்பி 1946 முதல் 1949 வரை நான்கு முறை தொடர்ந்து வென்றார். ஐந்தாவதற்கு 1954 வரை காத்திருந்தார். ஐந்தையும் இடைவெளி இல்லாமல் வென்றவர் இன்றுவரை யாருமில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த ஆண்டு ஃபிளாண்டர்ஸிலும் லியேஜிலும் பொகாச்சார் முதல். ரூபேயில் இரண்டாவது, சான்ரெமோவில் மூன்றாவது. நாளை முதல் மூவரில் ஒருவராக வந்தாலே, ஒரே ஆண்டில் ஐந்து மானுமெண்டுகளிலும் பரிசு மேடை ஏறிய முதல் ஆள் ஆகிவிடுவார். மலை ஏறுபவர்கள் ரூபேயின் கரடுமுரடான கல்பாதைப் பக்கம் போகமாட்டார்கள்; அந்தக் கல்பாதையில் வெல்பவர்களுக்கு லோம்பார்டியாவின் மலைகள் ஏறாது. உடல்வாகே வேறு. இரண்டையும் ஒருவரே செய்வது, நூறு மீட்டர் ஓட்டக்காரர் மராத்தானிலும் பதக்கம் வாங்குவதற்குக் கொஞ்சம் குறைச்சலான காரியம்.

'அவர்தான் ஜெயிக்கப் போகிறார் என்றால் எதற்குப் பார்ப்பது?' நியாயமான கேள்வி. கடந்த ஆண்டு லோம்பார்டியாவில் 48 கிலோமீட்டர் மீதமிருக்கும்போதே தனியாகக் கிளம்பிப் போய், மூன்று நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் வந்து சேர்ந்தார். இரண்டு வாரத்துக்கு முன் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக நடந்த உலகப் போட்டியில், நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே தாக்குதலைத் தொடங்கி வென்றார். கடந்த ஞாயிறு பிரான்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டியிலும் அதே கதை.

அந்த மூன்றிலும் இரண்டாவதாக வந்தவர் ஒரே ஆள்: பெல்ஜியத்தின் ரெம்கோ எவனெபூல். என் கண் நாளை அவர் மேல்தான் இருக்கும்.

எவனெபூலுக்கும் லோம்பார்டியாவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 2020-இல், இருபது வயதில், சொர்மானோ மலையிலிருந்து இறங்கும்போது ஒரு பாலத்தின் சுவரில் மோதிப் பள்ளத்துக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நேரலையில் பார்த்தவர்களுக்குச் சில நிமிடம் மூச்சே வரவில்லை. அந்தப் பந்தயத்துக்குத்தான் அவர் மீண்டும் மீண்டும் வருகிறார். கிகாலியில் தனித்தனியாக ஓட்டும் நேரப் பந்தயத்தில், இரண்டரை நிமிடத்துக்கு முன் கிளம்பிய பொகாச்சாரைச் சாலையிலேயே பிடித்துக் கடந்து போனவரும் அவர்தான். தனியாக ஓட்டினால் அவருக்கு ஈடு இல்லை. பிரச்சினை, செங்குத்தான ஏற்றத்தில் பொகாச்சார் முதல் தடவை எழுந்து மிதிக்கும் அந்த முப்பது விநாடி. நாளை காண்டா மலையில் அந்த முப்பது விநாடியை எவனெபூல் தாங்கிவிட்டால், பிறகு வரும் முப்பது கிலோமீட்டர் அவருக்குச் சாதகமான நிலம். அடுத்த ஆண்டு அவர் குழு மாறுகிறார். இப்போதைய குழுவின் சட்டையில் அவருக்கு இது கடைசிப் பெரிய வாய்ப்பு.

இளையவர்களைத் தேடுபவர்கள் பிரான்ஸின் பால் செக்ஸாஸைக் கவனியுங்கள். வயது 19. கடந்த ஞாயிறு இந்த இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தார்.

ஒரே சைக்கிள், நேர்மாறான விதி

லோம்பார்டியா முடிந்து கோனாவுக்கு வரும்போது ஒரு விஷயத்தை மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொள்வதுதான் கலை. காற்றை முன்னவர் கிழிப்பார். பின்னவருக்கு உழைப்பு கால் பங்கோ அதற்கு மேலுமோ குறையும். ஏழு பேர் கொண்ட குழுவில் ஆறு பேர் தலைவனுக்காகக் காற்றில் உழைப்பதும் இதற்காகத்தான்.

கோனாவில் அது குற்றம். முன்னால் போகும் சைக்கிளிலிருந்து 12 மீட்டர் தள்ளித்தான் வர வேண்டும். மீறினால் ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். குழு கிடையாது, உதவிக் கார் கிடையாது. தண்ணீரும் உணவும் நீங்களே சுமந்து, வழியில் நீட்டுவதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முழு மராத்தான்.

கோனாவின் சூடு நமக்குப் புதிதல்ல. முப்பது பாகையை ஒட்டிய வெயில், உடம்பில் ஒட்டும் ஈரப்பதம், ஈர உடையே தேவைப்படாத அளவுக்கு வெதுவெதுப்பான கடல். நமக்குப் பழக்கமில்லாதது அங்குள்ள சாலை. குயீன் கே என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நெடுஞ்சாலை கருத்த எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவே போகிறது. மரமில்லை, நிழலில்லை. கீழிருந்தும் வெப்பம் அடிக்கும். சைக்கிள் பாதை ஹாவி என்ற சிற்றூரில் திரும்பும். அந்தப் பக்கம் வீசும் குறுக்குக்காற்று ஆளையே சாலையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும். வேறு போட்டிகளில் எல்லோரும் பயன்படுத்தும் முழுத்தட்டுப் பின்சக்கரத்துக்கு இங்கே தடை இருப்பது இந்தக் காற்றால்தான்.

ஓட்டத்தில் 'எனர்ஜி லேப்' என்ற பகுதியைக் கவனியுங்கள். கடலோர ஆய்வு மையத்தை நோக்கி இறங்கி, மறுபடி ஏறி வரும் பாதை. 26 கிலோமீட்டர் ஓடிய கால்களுக்கு அது வரும். அங்கே உள்ளே போகும்போது முன்னிலையில் இருப்பவர் வெளியே வரும்போதும் முன்னிலையில் இருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

தவழ்ந்து வந்த ஒரு மாணவி

இந்தப் போட்டி 1978-இல் ஹவாயின் ஒவாஹு தீவில் பிறந்தது. நீச்சல்காரரா, சைக்கிள்காரரா, ஓட்டக்காரரா, யாருக்கு உடல் வலிமை அதிகம் என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க, அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் மூன்றையும் ஒன்றாகக் கோத்தார்கள். தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அனைவரும் ஆண்கள். அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற பெண் வந்தார். ஆண்களையும் சேர்த்து ஐந்தாவதாக முடித்தார். அவர் ஒரு சைக்கிள் வீராங்கனை.

ஆனாலும் உலகத்துக்கு இந்தப் போட்டியைத் தெரிய வைத்தது 1982 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட சில நிமிடத் தொலைக்காட்சிக் காட்சி. ஜூலி மோஸ் என்ற கல்லூரி மாணவி, தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காகப் போட்டியில் சேர்ந்தவர், கடைசிக் கட்டம் வரை முன்னிலையில் இருந்தார். முடிவுக்கோட்டுக்கு அருகே கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சில மீட்டர் மீதமிருக்கும்போது கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். மோஸ் கைகளை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே 29 விநாடி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஒளிபரப்பான பிறகுதான் இந்த விளையாட்டுக்கு ஆள் சேர்ந்தது. பின்னாளில் கோனாவை ஆறு முறை வென்ற மார்க் ஆலனும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்தவர்தான்.

ஒலிபரப்புத் துறையில் வேலை செய்யும் எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்று உண்டு. அன்று யாரோ ஒருவர் கேமராவை அந்தப் பெண் மேல் வைத்திருந்தார். ஆண்களில் முதலாவது ஆள் வந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது, வேலை முடிந்தது என்று மூட்டை கட்டவில்லை.

நாளை யார்?

பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்லே முன்பு ஒலிம்பிக் கனவோடு இருந்த நீச்சல்காரர். கோனாவில் 2017, 2018, 2019, 2022 என்று நான்கு முறை இரண்டாவது இடம். 2023-இல் தண்ணீரிலிருந்து முதல் ஆளாக வெளியே வந்து, கடைசி வரை யாரையும் முன்னே விடாமல், 8 மணி 24 நிமிடம் 31 விநாடியில் முடித்தார். அந்தப் பாதையில் பெண்களின் சாதனை நேரம் அது. நாளையும் நீச்சலில் முதல் தொப்பி அவருடையதாகவே இருக்கும்.

ஜெர்மனியின் லாரா ஃபிலிப் நடப்பு வெற்றியாளர். கடந்த ஆண்டு பிரான்ஸின் நீஸ் நகரில் வென்றார். இந்த ஜூன் மாதம் ஹாம்பர்க்கில் 8 மணி 3 நிமிடத்தில் முழுத் தொலைவையும் முடித்தார். நிதானம் அவர் பலம். மற்றவர்கள் வாடும்போது அவர் அதே வேகத்தில் வந்துகொண்டிருப்பார்.

அமெரிக்காவின் டெய்லர் நிப், இன்றைய கட்டுரையின் இரண்டு உலகங்களுக்கும் பாலம். பாதித் தொலைவு உலகப் போட்டியை 2022 முதல் 2024 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றவர். கடந்த ஆண்டு அமெரிக்க சைக்கிள் நேரப் பந்தயத்திலும் முதலாவதாக வந்து, பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரையத்லான், சைக்கிள் என்று இரண்டிலும் கலந்துகொண்டார். சைக்கிள் போட்டியன்று பெருமழை. வழுக்கி விழுந்து எழுந்து முடித்தார். மறு வாரம் கலப்புத் தொடரோட்டத்தில் வெள்ளி வாங்கினார். கோனாவில் முதல் தடவையாக 2023-இல் ஓடியபோது நான்காவது இடம். சைக்கிளில் அவர் முன்னே போனால் மற்றவர்களுக்குக் கலக்கம்தான்.

பிரிட்டனின் கேட் மேத்யூஸ் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர். 2022 செப்டம்பரில், கோனாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பயிற்சியில் இருந்த அவரைக் கார் மோதியது. மண்டையோட்டில் எலும்பு முறிவு. அதிலிருந்து மீண்டு கடந்த ஆண்டு நீஸில் இரண்டாவதாக வந்தார். உலகப் போட்டியில் அவருக்கு அது இரண்டாவது வெள்ளி. ஹாம்பர்க்கில் ஃபிலிப்புக்கு இரண்டே நிமிடம் பின்னால்.

கடைசியாக நார்வேயின் சூல்வை லோவ்செத். ஹாம்பர்க்தான் அவருக்கு முதல் முழுத் தொலைவுப் போட்டி. அதிலேயே மூன்றாவது. அடுத்து லேக் பிளாசிட்டில் வெற்றி. கடந்த மாதம் நீஸில் நடந்த ஆண்கள் போட்டியில் முதல் மூன்று இடங்களும் நார்வேக்காரர்களுக்கே போயின. அவர்கள் பயிற்சி முறையில் ஏதோ இருக்கிறது. கோனாவின் வெயில் அவருக்குப் புதிது என்பதுதான் கேள்விக்குறி.

எனக்குப் பிடித்த வெற்றி மேத்யூஸ் உடையது. என் கணிப்பு ஃபிலிப். பந்தயம் கட்டிவிடாதீர்கள்.

தனி நாள் போகிறது

இனி முக்கியமான விஷயம். கோனாவில் பெண்களுக்கென்று தனி நாள் நாளையோடு முடிகிறது.

2022 வரை, கொரோனா காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆண்களும் பெண்களும் ஒரே நாளில்தான் ஓடினார்கள். கலந்துகொள்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் பெண். 2022-இல் இரண்டு நாளாகப் பிரித்தார்கள். அந்தச் சிறிய ஊருக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை சாலையை அடைப்பது தாங்கவில்லை. ஊர் மக்கள் போதும் என்றார்கள். அதனால் 2023 முதல் ஒரு பாலருக்குக் கோனா, மற்றவருக்கு நீஸ் என்று மாறி மாறி நடந்தது. 2026 முதல் எல்லோரும் கோனாவுக்கே திரும்புகிறார்கள், ஒரே நாளில்.

திரும்புவதற்கும் காரணம் உண்டு. இந்த விளையாட்டில் இருக்கும் யாருக்கும் கனவு கோனாதான். நீஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும், 'நான் கோனா போனேன்' என்று சொல்வதற்காகப் பத்து ஆண்டு உழைப்பவர்கள் இருக்கிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து தகுதி பெற்றால், ஒருவர் ஹவாய்க்கும் ஒருவர் பிரான்ஸுக்கும் போக வேண்டியிருந்தது. வீராங்கனைகளிலும் பலர் இந்த முடிவை வரவேற்றிருக்கிறார்கள்.

ஆனாலும் இழப்பு இழப்புதான். இருப்பது ஒரே சாலை, வரம்புக்குட்பட்ட இடங்கள். தனி நாளில் பெண்களுக்குக் கிடைத்த அத்தனை இடங்களும் சேர்ந்த நாளில் கிடைக்காது. பரிசுத் தொகை சமம்தான். வெல்பவருக்கு ஆணானாலும் பெண்ணானாலும் 1 லட்சத்து 25 ஆயிரம் அமெரிக்க டாலர். பணத்தைச் சமமாகப் பிரிக்க முடியும். நேரலையை அப்படிப் பிரிக்க முடியாது. எட்டு மணி நேர நிகழ்ச்சியில் இரண்டு பந்தயம் நடக்கும்போது, ஒன்றைக் காட்டும் நிமிடத்தில் மற்றொன்று திரையில் இல்லை. ஆண்களில் முதலாவது ஆள் கோட்டைத் தாண்டி, நீர் குடித்து, பேட்டி கொடுக்கும் நேரத்தில், பெண்கள் எனர்ஜி லேப் பகுதியில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருப்பார்கள். எதைக் காட்டுவது என்று அந்த நொடியில் முடிவெடுப்பவரின் கையில்தான் எல்லாம் இருக்கிறது. 2023-இல் சார்ல்ஸ்-பார்க்லே முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை தனியாக முன்னால் ஓடியதை உலகம் முழுதாகப் பார்த்தது, அன்று காட்டுவதற்கு வேறு பந்தயம் இல்லாததால்.

சைக்கிள் பக்கம் பார்த்தால் நிலைமை வேறு. ஃபிளாண்டர்ஸில் 2004 முதலும், லியேஜில் 2017 முதலும், ரூபேயில் 2021 முதலும் பெண்கள் ஓடுகிறார்கள். சான்ரெமோ இந்த மார்ச்சில் பெண்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. ஐந்து மானுமெண்டுகளில் பெண்களுக்குப் பந்தயம் இல்லாதது லோம்பார்டியா ஒன்றுதான். கிசாலோ மாதா ஆண்களுக்கு மட்டுமா காவல்?

ஆகவே நாளை இரவு மகளோ மருமகளோ பக்கத்தில் இருந்தால், பெர்காமோவோடு தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கி

இத்தோடு வாரயிறுதி முடியவில்லை. நெதர்லாந்தின் தெற்கு லிம்பர்க்கில் சரளைப் பாதை உலகப் போட்டி நடக்கிறது; சனிக்கிழமை பெண்கள், ஞாயிறு ஆண்கள். ஞாயிறன்று பிரான்ஸில் பாரிஸ் – டூர். பெயரில்தான் பாரிஸ், தொடங்குவது ஷார்த்ர் நகரில். வேக ஓட்டக்காரர்களின் பந்தயம் என்று பெயர் பெற்ற அதில், 2018 முதல் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதைகளைச் சேர்த்துவிட்டார்கள். சக்கரம் பஞ்சராகிப் பலருடைய கணக்கும் தவறும். கடந்த ஆண்டு வென்றவர் பிரான்ஸின் கிறிஸ்தோஃப் லாப்போர்ட்.

நமக்கும் இதற்கும் என்ன?

இந்த விளையாட்டுகள் நமக்கு அவ்வளவு தூரமில்லை. 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் சுற்றுப்பந்தயம் கெந்திங் மலையேற்றத்தால் உலகத்துக்கே தெரிந்த பெயர். முழுத் தொலைவு ஐயன்மேன் மலேசியாவும் லங்காவியில்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் கடந்த ஏப்ரலில் மரினா பே பகுதியில் டி100 டிரையத்லான் நடந்தது. ஞாயிறு விடியற்காலையில் நம் சாலைகளில் பளிச்சிடும் சட்டையோடு கூட்டமாகப் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர்கள், பள்ளியில் பாடம் நடத்துபவர்கள். அவர்களைக் கடக்கும்போது ஒரு கை தூரத்துக்கு மேல் இடம் விட்டுப் போங்கள். கேட் மேத்யூஸ் மீண்டு வந்தார். எல்லோரும் மீள்வதில்லை.

நாளை இரவுக்கான அட்டவணை இதுதான். இரவு பத்து மணிக்கு மேல் காண்டா ஏற்றம். பதினொன்று வாக்கில் பெர்காமோ முடிவு. பன்னிரண்டரைக்குச் சற்று முன் கோனாவில் நீச்சல் தொடக்கம். முதல் ஆள் தண்ணீரிலிருந்து வெளியே வர ஒன்றேகால் ஆகலாம். அதைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுங்கள். சைக்கிள் நாலரை மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு காலை ஆறு மணி வாக்கில் எழுந்தால் ஓட்டம் தொடங்கியிருக்கும். எட்டு மணிக்கு எனர்ஜி லேப் பக்கம் வந்துவிடுவார்கள். ஒன்பது மணி அளவில், ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே, உலக வெற்றியாளரைப் பார்த்துவிடலாம். கோனா நேரலையை ஐயன்மேன் அமைப்பின் யூடியூப் பக்கத்திலேயே காணலாம்.

இன்னும் நேரமிருந்தால், ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு மறுபடி ஒரு முறை திறந்து பாருங்கள். கோனாவில் அப்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். பதினேழு மணி நேரக் கெடு முடிய அரை மணி நேரம். பரிசு எதுவும் இல்லாத பெண்கள், அறுபது எழுபது வயதுக்காரர்களும் அவர்களில் உண்டு, இருட்டுச் சாலையிலிருந்து வெளிச்சத்துக்குள் ஒவ்வொருவராக வருவார்கள். காலையில் வென்றவர் குளித்து உடை மாற்றி வந்து, கோட்டருகே நின்று அவர்களுக்கு மாலை போடுவது அந்த ஊர் வழக்கம். அந்த அரை மணி நேரத்தை நான் எந்த ஆண்டும் தவறவிட்டதில்லை.